வேலூர் வெயிலில் பட்ஜெட் கிராஃபிக்ஸ் கார்டு: ஓவர்கிளாக், குளிர்விப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டின் எந்த மூலையில் இருந்தாலும் வெயில் ஒன்றுதான். கார்டை நிறுவனம் வைத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். இணையத்தில் அதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே கடைப்பிடித்தால் சித்திரை மாதத்தில் கணினி நின்றுவிடும். நம் ஊர் அறையை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

எந்தக் கார்டுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

குறைந்த செலவில் கணினி கட்டுபவர்களிடம் அதிகம் காணப்படும் கார்டுகள்தான். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 570, 580, 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. முதல் இரண்டும் 75 வாட் கார்டுகள். பல மாடல்களில் தனி மின்வயரே இருக்காது. ஆர்எக்ஸ் 570-க்கு 150 வாட், 580-க்கு 185 வாட் என்பது கணக்கு. ஜிடி 710, 730 போன்றவற்றை ஓவர்கிளாக் செய்வதில் பயனில்லை; தூசி தட்டி வைத்தால் போதும்.

ஓவர்கிளாக் செய்தால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

ஐந்து முதல் பத்து சதவீதம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய விளையாட்டு 63, 65 என்று ஓடும். 40 ஓடியது 60 ஆகாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இதைவிடப் பெரிய லாபம் வேறு இடங்களில் இருக்கிறது. 1920×1080-இலிருந்து 1600×900-க்கு இறக்கினால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 30 சதவீதம் குறைகின்றன. குறைந்த புள்ளிகளில் வரைந்து பிறகு படத்தைப் பெரிதாக்கிக் காட்டும், ஏஎம்டி 2021-இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் வசதி என்விடியாவின் பழைய கார்டுகளிலும் வேலை செய்கிறது; விளையாட்டின் செட்டிங்கில் அது இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒற்றை ரேம் போட்டிருந்தால், அதே அளவில் இரண்டாவது ரேம் வாங்கிப் போடும்போது, திணறி நின்ற பல விளையாட்டுகள் சீராகிவிடும். இவற்றை எல்லாம் செய்த பிறகும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஓவர்கிளாக். பணம் கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து முழு உழைப்பையும் வாங்கிப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வேலூர் வெயிலில் இதையெல்லாம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் வரிசை மாற வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டு, சூடு ஏறினால் பிறகு குளிர்விப்பைப் பார்ப்பார்கள். இங்கே குளிர்விப்பு முதலில், மின்னழுத்தக் குறைப்பு இரண்டாவது, வேகம் கடைசியில்.

காரணம் எளிய கணக்கு. சிப்பின் மேல் இருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுக் கட்டு கார்டின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது. அறைக்கும் சிப்புக்கும் இடையிலான வித்தியாசம்தான் கார்டின் உண்மையான நிலை. ஜனவரியில் அறை 26 டிகிரி, விளையாடும்போது கார்டு 66 டிகிரி என்றால் வித்தியாசம் 40. அதே விசிறி வேகத்தில், அதே விளையாட்டில், மே மாதம் அறை 39 டிகிரி ஆகும்போது கார்டு 79-க்குப் போகும். கார்டில் எந்தக் கோளாறும் வந்துவிடவில்லை. அறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செய்தித்தாள்களில் வேலூரில் 106 டிகிரி என்று போடுவது பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அது 41. மாடியில், தளத்துக்கு நேர் கீழே அறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. தெருவில் காற்று ஆறிய பிறகும் இரவு எட்டு மணிக்கு அறை அனலாக இருக்கும். அதனால் சோதனை ஓட்டத்தை இரவு ஏழு முதல் ஒன்பது மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலையில் நிலையாக ஓடிய செட்டிங், கத்திரி வெயிலில் ஓடும் என்று நம்ப முடியாது. கத்திரியில் நிலையாக ஓடியது மார்கழியிலும் நிச்சயம் ஓடும்.

ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கி மேசையில் வையுங்கள். கார்டின் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் தெரியும்.

கார்டு எத்தனை டிகிரி வரை போகலாம்?

என்விடியா கொடுத்திருக்கும் உச்ச வரம்பு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்கு 97, ஜிடிஎக்ஸ் 1650-க்கு 92. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நான் மே மாதத்தில் 80-க்குள், ஜனவரியில் 70-க்குள் இருந்தால் நிம்மதி என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம்: இந்தக் கார்டுகள் வரம்பைத் தொட்ட பிறகுதான் வேகத்தைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகள் சூடு ஏற ஏறப் படிப்படியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஒரு படி சுமார் 13 மெகாஹெர்ட்ஸ். ஆகவே கார்டைப் பத்து டிகிரி குளிர வைத்தாலே, எந்த எண்ணையும் தொடாமல், கொஞ்சம் வேகம் தானாகத் திரும்பி வருகிறது.

குளிர்விப்பில் எங்கிருந்து தொடங்குவது?

தூசியிலிருந்து. நம் பக்கம் கோடையில் அடிக்கும் காற்றில் செம்மண் தூள் வரும். நெடுஞ்சாலை ஓரமோ செங்கல் சூளைப் பக்கமோ வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடம் திறக்காத கார்டின் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க் தகடுகளின் மேல்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கம்பளித் துணிபோல் படிந்திருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் துண்டாகவே எழுந்து வரும். அதற்குக் கீழே தகடுகள் புதிதுபோல் பளபளக்கும், ஏனென்றால் காற்று அங்கே போகவே இல்லை. சமையலறையை ஒட்டிய அறையில் கணினி இருந்தால் தாளிப்பு ஆவியில் இருக்கும் எண்ணெய் அந்தத் தூசியை ஒட்டவைத்துவிடும். அதை ஊதி எடுக்க முடியாது, பிரஷ் வேண்டும்.

கையடக்க புளோயர் போதும். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொண்டுபோய் அடிப்பதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தொட்டியில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து வரும், அழுத்தமும் மிக அதிகம். வீட்டு வேக்யூம் கிளீனரும் வேண்டாம், நிலைமின்சாரம் சேரும்.

வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒன்று, மழைக்காலம் முடிந்து ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதுமானது.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்தே வைக்கலாமா?

சோதனைக்குத் திறந்து பாருங்கள். கதவை மூடி அரைமணி நேரம், திறந்து அரைமணி நேரம் ஒரே விளையாட்டை ஓட்டுங்கள். திறந்ததும் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் கார்டில் இல்லை, கேபினெட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது. முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. இந்த இரண்டும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருக்கும் மலிவுக் கேபினெட்டுகள் அழகாக இருக்கின்றன, காற்று போக வழி இல்லை. வாங்கும்போதே கம்பிவலை முகப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

நிரந்தரமாகத் திறந்து வைப்பதற்கு நான் எதிரி. தூசி ஒரு காரணம். பல்லி இன்னொரு காரணம். கேபினெட்டின் பின்பக்கம் கழற்றிய ஸ்லாட் மூடிகளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தச் சந்தில் பல்லி நுழைந்து வெதுவெதுப்பான இடம் தேடி மின்வழங்கிக்குள் (எஸ்எம்பிஎஸ்) போய்விடும். அது செத்து, அதோடு மின்வழங்கியும் போன வீடுகள் நம் ஊரில் உண்டு. மூடிகளைத் திரும்பப் போடுங்கள்.

கணினி மேசையில் சிபியு வைக்க ஒரு பெட்டி அறை கொடுத்திருப்பார்கள். மூன்று பக்கமும் பலகை. அதற்குள் வைத்தால் கார்டு தான் விட்ட சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேற்கு வெயில் விழாத பக்கம் வையுங்கள்.

ஏர் கூலரைக் கணினிப் பக்கம் திருப்பலாமா?

நம் ஊர் வெயில் வறண்டது என்பதால் ஏர் கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. அறை நான்கைந்து டிகிரி இறங்கினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு இறங்கும். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கூலரின் வாய் கேபினெட்டை நேராகப் பார்க்கக் கூடாது. பம்பு வேகமாக ஓடும்போது நீர்த்துளி பறக்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். கூலரின் வைக்கோல் திண்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு துளியோடு போய் மதர்போர்டில் காய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கூலரை உங்களை நோக்கி வையுங்கள். கணினிக்குக் குளிர்ந்த அறை போதும்.

தெர்மல் பேஸ்ட் எப்போது மாற்ற வேண்டும்? நானே மாற்றலாமா?

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். தூசி எடுத்து, காற்றோட்டமும் சரிசெய்த பிறகும் அறைக்கும் கார்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டினால் மாற்றுங்கள். மூன்று, நான்கு வருடம் ஆன கார்டில் பேஸ்ட் பெரும்பாலும் காய்ந்திருக்கும். சிப்பின் மிகச் சூடான புள்ளியை ஹாட்ஸ்பாட் என்று தனி எண்ணாகக் காட்டும் கார்டுகளில், அது சாதாரண எண்ணைவிட 25 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அதுவும் அறிகுறிதான்.

பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். முதலில் ஐந்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிக் கார்டைச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, கார்டை எடுத்து, பின்பக்கம் சிப்பைச் சுற்றி இருக்கும் நான்கு ஸ்பிரிங் திருகுகளைக் கழற்றுங்கள். ஹீட்சிங்கை நேராக இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விடும். விட்டதும் உடனே தூக்கிவிடாமல், விசிறி வயர் இன்னும் போர்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன சாக்கெட் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் சரிசெய்வது கடினம்.

காய்ந்த பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்குபோல் இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் இது எப்போதும் இருக்கும், கேட்டால் சிறிது கொடுப்பார்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். சிப் கண்ணாடிபோல் பளபளப்பாகி, அதில் உங்கள் முகம் தெரியும் வரை துடைக்க வேண்டும். பிறகு புதிய பேஸ்டைச் சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது. ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த மூலை வேகும். மின்சாரம் கடத்தாத பேஸ்டாக இருக்கட்டும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1 இரண்டும் நம்பகமானவை. திரவ உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும், மலிவுக் கார்டுகளின் ஹீட்சிங்க் அலுமினியம்தான்.

மெமரி சிப்புகளின் மேல் ரப்பர்போல் இருக்கும் தெர்மல் பேட் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில் வாங்கிப் போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடிப்போனாலும் ஹீட்சிங்க் சிப்பின்மேல் உட்காராது. திருகுகளை எதிரெதிர் மூலையாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

அவசரத்துக்குப் பல் பேஸ்ட் போடலாமா?

வேண்டாம். அதிலுள்ள நீர் சில நாளில் காய்ந்துவிடும், பிறகு ஒன்றும் போடாததற்குச் சமம்.

விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. என்ன செய்வது?

விசிறியின் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மார்கழியில் உறைந்துவிடும். விசிறி முழுதாகப் போய்விட்டால் பிளாஸ்டிக் கூட்டையும் விசிறியையும் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க் மேல் 92 அல்லது 120 மில்லிமீட்டர் கேபினெட் விசிறியை கேபிள் டை போட்டுக் கட்டி, மதர்போர்டின் விசிறி இணைப்பில் கொடுக்கலாம். பார்க்க நன்றாக இருக்காது. குளிர்விப்பில் பழையதைவிட மேலாகவே இருக்கும், சத்தமும் குறையும். ஒரு குறை, மதர்போர்டு அந்த விசிறியை சிபியுவின் சூட்டைப் பார்த்துத்தான் ஓட்டும். அதனால் எப்போதும் 70 சதவீதத்தில் ஓடும்படி வைத்துவிடுங்கள்.

நீர்க் குளிர்விப்பு கார்டின் விலையைவிட அதிகம் ஆகும். இந்த வகைக் கார்டுகளுக்குத் தேவையில்லை.

அண்டர்வோல்ட் என்கிறார்களே, அது ஓவர்கிளாக்குக்கு எதிரானதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அண்டர்வோல்ட் என்றால் சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. சிப் இயங்கும்போது செலவாகும் மின்சாரம், வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகம் பத்து சதவீதம் கூடினால் செலவும் பத்து சதவீதம் கூடும். மின்னழுத்தம் 1.05 வோல்ட்டிலிருந்து 0.95-க்கு இறங்கினால், வேகத்தைத் தொடாமலே அந்தச் செலவு 18 சதவீதம் இறங்கும். செலவாகும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் லட்சக்கணக்கான சிப்புகளில் மட்டமான சிப்பும் ஓட வேண்டும் என்பதற்காகக் கூடுதல் மின்னழுத்தம் வைத்து அனுப்புகிறார்கள். உங்கள் சிப் அதைவிட நல்லதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கூடுதலை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

75 வாட் கார்டுகளில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில், வேகம் எதனால் தடைபடுகிறது என்று காட்டும் ஒரு வரி இருக்கிறது. தனி மின்வயர் இல்லாத 1050 டிஐ, 1650 கார்டுகளில் பெரும்பாலும் அங்கே மின்வரம்பு என்றுதான் வரும். மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியதே மொத்தம் 75 வாட். வரம்பில் முட்டி நிற்கும் கார்டுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால், மிச்சமாகும் வாட்டில் அது இன்னும் வேகமாக ஓடும். சூடும் குறைந்து வேகமும் கூடுகிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

என்விடியா கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போடுங்கள்; வேறு நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும், இலவசம். கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மின்னழுத்தமும் வேகமும் சேர்ந்த வளைகோடு தெரியும். விளையாட்டின்போது கார்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வளைகோட்டில் 950 மில்லிவோல்ட் புள்ளியை அந்த வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கப் புள்ளிகள் எல்லாம் அதே உயரத்தில் தட்டையாக இருக்கும்படி செய்து அப்ளை கொடுங்கள். ஒரு மணி நேரம் விளையாடுங்கள். தடுமாறாமல் ஓடினால் 925, பிறகு 900. எங்கே தடுமாறுகிறதோ அதற்கு 25 மில்லிவோல்ட் மேலே வந்து நில்லுங்கள்.

ஏஎம்டி கார்டுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை, அட்ரினலின் டிரைவரிலேயே டியூனிங் பகுதி இருக்கிறது. ஆர்எக்ஸ் 570, 580-இல் கடைசி வேகப் படிக்கு 1150 மில்லிவோல்ட் அளவில் வைத்திருப்பார்கள். 1050-இல் ஓடும் கார்டுகள் நிறைய. 185 வாட் கார்டில் இந்த மாற்றம் உடனே தெரியும், விசிறிச் சத்தமே இறங்கிவிடும்.

சரி, இனி வேகத்தை எப்படிக் கூட்டுவது?

விசிறி வளைகோட்டை முதலில் வையுங்கள்: 50 டிகிரிக்கு 45 சதவீதம், 70-க்கு 75, 80-க்கு நூறு. மின்வரம்பு நகர்த்தியை (ஸ்லைடர்) அது அனுமதிக்கும் உச்சத்துக்குத் தள்ளுங்கள். சில கார்டுகளில் அது நூறைத் தாண்டாது.

அடுத்து யுனிஜின் ஹெவன் போன்ற ஒரு சோதனையை ஓட்டி, கிடைக்கும் மதிப்பெண்ணைத் தாளில் எழுதுங்கள். கோர் வேகத்தை, அதாவது சிப்பின் வேகத்தை, 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள், பத்து நிமிடம் ஓட்டுங்கள், மதிப்பெண்ணை எழுதுங்கள். மறுபடி 25. 1050 டிஐ, 1650 கார்டுகள் பொதுவாக 100 முதல் 150 வரை தாங்கும். தடுமாறும் இடத்திலிருந்து 40 கீழே வாருங்கள். அந்த 40 வெயிலுக்கான இடைவெளி.

மெமரியை அதன் பிறகு தனியாகத் தொடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் தவறு எதில் என்று தெரியாது. 100, 100 ஆக ஏற்றுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது மதிப்பெண். ஜிடிடிஆர்5 மெமரியில் பிழை வந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆகவே திரையில் எந்தக் கோளாறும் தெரியாமலே, அளவு மீறிய மெமரி வேகம் கார்டை மெதுவாக்கிவிடும். 400 கூட்டியபோது இருந்த மதிப்பெண் 500-இல் குறைந்தால் 400-தான் உங்கள் எல்லை. பட்ஜெட் கார்டுகளின் மெமரிப் பாதை குறுகல் என்பதால், பல விளையாட்டுகளில் கோர் வேகத்தைவிட மெமரி வேகம்தான் அதிகப் பலன் தரும்.

கணினி தொடங்கும்போதே செட்டிங் ஏறும்படி டிக் செய்வதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அதுவரை ஏதாவது தவறானாலும் மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எல்லை மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கோர் வேகம் மீறினால் விளையாட்டு தானாக மூடிக்கொள்ளும், அல்லது திரை கறுத்து சில நொடியில் திரும்பி வரும். கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே டிரைவரை மறுதொடக்கம் செய்துவிடும். அதுதான் அந்தக் கறுப்பு. மெமரி மீறினால் வேறுமாதிரி. சுவரிலும் வானத்திலும் பச்சை, இளஞ்சிவப்புப் புள்ளிகள் மினுக்கும், கட்டம் கட்டமாக நிறம் பிசகும். எந்த அடையாளம் வருகிறதோ அந்த நகர்த்தியைக் குறையுங்கள். செட்டிங்கைப் பழையபடி மாற்றிய பிறகும் புள்ளிகள் வந்தால் அது ஓவர்கிளாக் பிரச்சினை இல்லை, மெமரி சிப்பே பழுதாகத் தொடங்கியிருக்கிறது.

ஃபர்மார்க் ஓட்டிச் சோதிக்கலாமா?

மே மாதத்தில் வேண்டாம். ஃபர்மார்க் கார்டை வாட்டிப் பார்க்கும் சோதனை மென்பொருள்; எந்த விளையாட்டும் தராத சுமையை அது தருகிறது. நீங்கள் விளையாடும் விளையாட்டையே ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது நம்பகமான சோதனை.

மின்வழங்கி போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மின்வழங்கியில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்தான். சிபியு, கார்டு இரண்டும் அந்த வரியில்தான் உண்ண வேண்டும். 75 வாட் கார்டுக்கு அது ஓரளவு தாங்கும். ஆர்எக்ஸ் 580-க்குத் தாங்காது, ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து ஆறு பின், எட்டு பின் மாற்றி போட்டு ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். அந்த மெல்லிய வயர் உருகும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யும் வரை கார்டில் எந்த வேலையும் செய்யாதீர்கள். யுபிஎஸ் 600 விஏ என்றால் ஏறக்குறைய 360 வாட் தரும். மின்சாரம் போகும் கணத்தில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பெரிய கார்டுகளுக்கு அதுவும் இழுபறிதான்.

கரண்ட் பில் ஏறுமா?

150 வாட் கார்டு தினமும் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். ஓவர்கிளாக் அதில் மூன்று, நான்கு யூனிட் கூட்டும். அண்டர்வோல்ட் அதைவிட அதிகமாகக் குறைக்கும்.

கார்டு எரிந்துவிடுமா? வாரண்டி போய்விடுமா?

ஆஃப்டர்பர்னரிலும் அட்ரினலினிலும் உள்ள நகர்த்திகள் நிறுவனம் வைத்த மின்னழுத்த வரம்பைத் தாண்டவிடாது. அந்த வரம்புக்குள் விளையாடினால் கார்டு எரியாது. அதிகபட்சம் கணினி நின்று மறுபடி தொடங்கும். கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலை மாற்றி எழுதுவது வேறு கதை. அது தவறினால் திரையே வராது, பட்ஜெட் கார்டில் அதற்கேற்ற பலனும் கிடையாது. வாரண்டி உள்ள கார்டில் திருகின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், பேஸ்ட் மாற்றுவதற்கு முன் விற்றவரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கார்டு வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்கோ பெங்களூருக்கோ போய் வாங்குபவர்கள் அதிகம். கார்டுகளைக் கணக்குப் போட வைத்து மின்நாணயம் ஈட்டுவதைச் சுரங்கம் என்பார்கள். 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் என்ற மின்நாணயம் அந்தச் சுரங்க முறையைக் கைவிட்டது. அதன்பின் இரவு பகலாக ஓடிய ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவற்றில் சிப் நன்றாகவே இருக்கலாம். விசிறியும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், பயாஸ் மாற்றப்பட்டிருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பென் டிரைவில் ஜிபியு-இசட் எடுத்துப் போங்கள். பழைய சிப்பின் பெயரை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று இருந்தால் அது பெயரில் 580, சிப்பில் 570. அந்த விலைதான் கொடுக்க வேண்டும். கடையிலேயே இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கடற்கரை ஓரம் ஓடிய கார்டில் பின்தகடும் திருகும் துருப்பிடித்திருக்கும். நம் பக்கத்திலும் ஒன்று உண்டு: தோல் பதனிடும் இடங்களில் சோடியம் சல்பைடு பயன்படுகிறது, அங்கிருந்து எழும் வாயு செம்பைக் கறுக்க வைக்கும். ஹீட்சிங்கின் செம்புக் குழாய் கறுத்திருப்பதால் மட்டும் குளிர்விப்பு கெடாது. ஸ்லாட்டில் நுழையும் பொன்முலாம் பூசிய பற்கள் மங்கியிருந்தால், ரப்பரால் தேய்க்காமல், ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள்.

லேப்டாப்பில் இதே கார்டு இருக்கிறது. இதெல்லாம் பொருந்துமா?

அண்டர்வோல்ட் பொருந்தும், ஓவர்கிளாக் வேண்டாம். லேப்டாப்பில் சிபியுவும் கார்டும் பெரும்பாலும் ஒரே செம்புக் குழாயைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் சூடு மற்றதையும் இழுத்துவிடும். மெத்தையின் மேல் வைக்காமல் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேம் வரம்பை 60-இல் கட்டுங்கள். காட்ட முடியாத ஃபிரேமுக்காகக் கார்டு வேக வேண்டியதில்லை. தூசி எடுக்க அடிமூடியைத் திறக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.